விலை அதேதான், எடைதான் குறைந்திருக்கிறது

பத்து ரூபாய் பாக்கெட்டின் விலை ஏறாமல் உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் குறைந்தால் அதுவும் விலை உயர்வுதான். ஆங்கிலத்தில் 'ஷ்ரிங்க்ஃப்ளேஷன்' என்று சொல்லப்படும் இதைத் தமிழில் எடைக்குறைப்பு விலையேற்றம் எனலாம். உறையின் நிறமும் படமும் எழுத்தும் அப்படியே இருக்கும். பின்பக்க மூலையில் 'நிகர எடை' என்பதற்கு அடுத்துள்ள எண் மட்டும் மாறியிருக்கும்.

2022-ல் இந்தியாவில் இது பரவலாகக் கண்ணில் பட்டது. பத்து ரூபாய் விம் சோப்புக் கட்டி 155 கிராமிலிருந்து 135 கிராமாகக் குறைந்தது. ஹல்திராமின் ஆலு புஜியா 55 கிராமிலிருந்து 42 கிராமுக்கு வந்தது. பார்லே-ஜி பிஸ்கட்டின் சிறிய பாக்கெட் 1994 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் 4 ரூபாயிலேயே நின்றது, அதன் பிறகுதான் 5 ரூபாய் ஆனது. அந்தக் காலம் முழுக்க 100 கிராமிலிருந்து படிப்படியாக எடை குறைந்து ஏறத்தாழ பாதிக்கு வந்துவிட்டது.

எடை குறைந்த சதவீதமும் விலை ஏறிய சதவீதமும் ஒன்றல்ல. 100 கிராம் 80 கிராம் ஆனால் எடை 20 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆனால் பழைய 100 கிராமை வாங்க இனி 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆலு புஜியாவில் எடை குறைந்தது 24 சதவீதம், கிராம் ஒன்றின் விலை ஏறியது 31 சதவீதம். எடை பாதியானால் விலை இரட்டிப்பாகிறது. '20 சதவீதம்தானே' என்று நினைப்பவர் தன் இழப்பைக் குறைத்தே மதிப்பிடுகிறார்.

பத்து ரூபாய் பாக்கெட்டைப் பதினொரு ரூபாய் ஆக்கிவிட்டுப் போகலாமே என்ற கேள்வி எழும். அண்ணாச்சி கடையில் ஐந்து நிமிடம் நின்றால் விடை தெரியும். கயிற்றில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய் எல்லாம் 1, 2, 5, 10 ரூபாய்தான். கையில் ஒரு நாணயத்தோடு வரும் பிள்ளை 'அஞ்சு ரூபா பிஸ்கட்' என்றுதான் கேட்கும்; பிஸ்கட்டின் பெயரே விலைதான். அதை ஆறு ரூபாய் ஆக்கினால் சில்லறைத் தகராறு வரும், வாங்குபவர் பக்கத்துச் சரத்தில் தொங்கும் போட்டிப் பொருளுக்குக் கை நீட்டுவார். அதனால் நிறுவனங்கள் விலையை அசைப்பதில்லை, கிராமை அசைக்கின்றன.

இந்தச் சின்னப் பாக்கெட் வணிகத்தின் வேர்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. பெரிய டப்பா வாங்க வசதியில்லாதவரும் ஒரு வேளைக்குத் தேவையானதை வாங்க முடிய வேண்டும் என்று கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் பொருட்களைச் சிறு உறைகளில் அடைத்து விற்றார். வெல்வெட் ஷாம்பு அப்படித்தான் வந்தது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய தொழில் சிக் ஷாம்பு சாஷேயைக் கிராமக் கடைகள்வரை கொண்டுசென்றது. ஏழை வீட்டுக்கு ஷாம்புவைக் கொண்டுவந்தது சாஷே என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை ஒரு நாணயத்தோடு கட்டப்பட்டபின், செலவு ஏறும்போதெல்லாம் சுருங்குவதற்கு உள்ளே இருக்கும் சரக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. தினக்கூலியில் அன்றன்றைக்கு வாங்கும் வீடுதான் சிறு பாக்கெட்டை அதிகம் வாங்குகிறது. ஆகவே இந்த மறைமுக உயர்வின் பாரமும் அங்கேதான் அதிகம் விழுகிறது.

செலவு உண்மையாகவே ஏறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டது. இந்தியா அதில் பெரும்பங்கை உக்ரைன், ரஷ்யாவிலிருந்துதான் வாங்கிவந்தது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை ஏறத்தாழ மூன்றரை வாரம் நிறுத்தியது. பாமாயில் சமையலோடு நிற்பதில்லை, பிஸ்கட், நொறுக்குத்தீனி, சோப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்ந்தது. அடுத்த ஆண்டு மே இறுதியில் அது 16.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மூலப்பொருள் ஏறும்போது எடை உடனே குறைகிறது. மூலப்பொருள் இறங்கும்போது எடை அதே வேகத்தில் திரும்பி வருவதில்லை. நுகர்வோரின் வருத்தம் நியாயமாவது இங்கேதான்.

குறைத்தது தெரியாதபடி உறையை வடிவமைப்பது தனிக்கலை. கண் உயரத்தையும் அகலத்தையும் உடனே அளக்கும். ஆழம் குறைந்தால் அவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. அதனால் டப்பாவின் முகம் அப்படியே இருக்கும், பக்கம் ஒடுங்கும். பாட்டிலின் அடிப்பாகம் உள்நோக்கிக் குவியும், சோப்பின் நடுவில் வளைவான குழி விழும். 2016-ல் பிரிட்டனில் டாப்ளரோன் சாக்லேட் 400 கிராமிலிருந்து 360 கிராமாகவும், 170 கிராமிலிருந்து 150 கிராமாகவும் குறைந்தபோது, அதன் முக்கோணங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி அகன்றது. உறையைப் பிரித்ததும் பல்லுப்போன சீப்பு மாதிரி தெரிந்ததால் அந்தக் குறைப்பு ஊரறிய அம்பலமானது.

இந்தியச் சட்டத்தில் எடையைக் குறைப்பது குற்றமல்ல. அச்சிட்ட எடைக்குக் கீழே சரக்கு இருந்தால்தான் குற்றம். அதற்குத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவிலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். முன்பு வேறொரு வேலியும் இருந்தது. 2011-ன் பொட்டலப் பொருள் விதிகளின் இரண்டாம் அட்டவணை பிஸ்கட், டீத்தூள், சமையல் எண்ணெய், உப்பு, சோப்பு உள்ளிட்ட 19 வகைப் பொருட்களை எந்தெந்த அளவுகளில் அடைக்கலாம் என்று வரையறுத்தது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. எண்ணெய் வரிசையில் ஒரு லிட்டர் உறைக்கு அருகிலேயே, அதே உயரத்தில், அதைவிடக் குறைந்த கிராம் கொண்ட உறைகள் நிற்பதற்கு வழி திறந்தது இப்படித்தான்.

எண்ணெயில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சூடானால் எண்ணெய் விரியும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம் எடையிருக்கும், 60 டிகிரியில் 892.6 கிராம்தான். உறையில் அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டுவிட்டால் 26 கிராம் குறைத்து அடைத்தாலும் கணக்கு சரியாகவே வரும். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதைக் கவனித்து, வெப்பநிலையைச் சொல்லாமல் லிட்டரையும் எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும், இரண்டும் பொருந்த வேண்டும் என்று அறிவுறுத்தியது.

தனியார் நிறுவனங்கள் மட்டும்தான் இதைச் செய்கின்றன என்பதும் சரியல்ல. கர்நாடகக் கூட்டுறவின் நந்தினி பாலில் ஒரு லிட்டர் உறையின் விலை 2024 ஜூனில் 42 ரூபாயிலிருந்து 44 ரூபாய் ஆனது. விலையேற்றம் இல்லை என்று காட்ட உறையில் 50 மில்லி கூடுதலாக ஊற்றப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த 50 மில்லி போய்விட்டது, விலை 46 ஆனது. உறையில் அச்சிட்ட விலையைப் பார்த்தால் இரண்டு ரூபாய்தான் உயர்வு. லிட்டர் கணக்கில் 41 ரூபாய் 90 காசிலிருந்து 46-க்கு, அதாவது நான்கு ரூபாய்க்கு மேல் உயர்வு. அளவை விட்டுவிட்டுத் தரத்தில் கைவைப்பதும் உண்டு. 2023-ல் ஆவின் தன் பச்சை உறைப் பாலுக்குப் (4.5 சதவீதக் கொழுப்பு) பதிலாக ஊதா உறைப் பாலை (3.5 சதவீதம்) அதே விலைக்குத் தர முடிவெடுத்தபோது எதிர்ப்பு கிளம்பியது அதனால்தான்.

வரியும் உறையின் அளவை மாற்றுகிறது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான முன்கூட்டியே அடைத்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டைகள் வந்து இறங்கின. உறை பெரிதான அபூர்வமான நிகழ்ச்சி அது. 2025 செப்டம்பர் 22-ல் பிஸ்கட்டுக்கான வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது வேறு சிக்கல் முளைத்தது. கணக்குப்படி 5 ரூபாய் பாக்கெட் 4 ரூபாய் 45 காசு ஆக வேண்டும். 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011-லேயே செல்லாதவை ஆகிவிட்டன. அந்த 55 காசை யார் திருப்பித் தருவார்? நிறுவனங்கள் பழைய விலையில் கிராமைக் கூட்டித் தரவே விரும்பின. ஆனால் வரி குறைந்தால் விலையே குறைய வேண்டும், அளவைக் கூட்டியது அதற்கு ஈடாகாது என்று அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு விநியோகஸ்தரின் வழக்கில் சொல்லியிருந்தது.

மற்ற நாடுகள் குறைப்பதைத் தடுக்கவில்லை, மறைப்பதைத்தான் தடுக்கப் பார்க்கின்றன. பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகம் 2012 ஜனவரி முதல் 2017 ஜூன் வரை அளவு சுருங்கிய 2,529 பொருட்களைக் கணக்கெடுத்தது. பிரான்ஸில் 2023-ல் காரஃபூர் பேரங்காடி, எடை குறைந்த 26 பொருட்களின் அலமாரியில் தானாகவே எச்சரிக்கை ஒட்டியது. 2024 ஜூலை 1 முதல் 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அனைத்தும் இரண்டு மாதம் அப்படி அறிவிப்பு வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டமானது. தென்கொரியாவில் 2024 ஆகஸ்ட் முதல் உற்பத்தியாளர் மூன்று மாதம் அறிவிக்க வேண்டும், தவறினால் அபராதம்.

இந்தியாவில் நிலையான அளவுகளை நீக்கிய அதே திருத்தம், அதற்கு ஈடாக 'அலகு விலை' அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கு எவ்வளவு என்று எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அலகு விலையை இரண்டு தசம இலக்கத்துக்கு முழுமையாக்கி அச்சிட வேண்டும். 900 கிராம் பருப்பு 150 ரூபாய், 850 கிராம் பருப்பு 148 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு உறையிலும் கிராமுக்கு 0.17 ரூபாய் என்றே இருக்கும். கிலோ கணக்கில் முதலாவது 166 ரூபாய் 67 காசு, இரண்டாவது 174 ரூபாய் 12 காசு. கிலோவுக்கு ஏழரை ரூபாய் வித்தியாசத்தை அந்த இரண்டு இலக்கம் விழுங்கிவிடுகிறது. கிராமுக்கு 0.17 என்ற எண்ணைப் பார்த்து எந்தக் குடும்பமும் பருப்பு வாங்குவதில்லை. எல்லா உறையிலும் கிலோ விலையையே அச்சிடச் சொன்னால், 166.67-ம் 174.12-ம் அடுத்தடுத்து நிற்கும்போது கணக்குத் தெரியாதவருக்கும் எது மலிவு என்று தெரிந்துவிடும்.