பல்லாரியைத் தூக்கிப் போட்டேன், மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன்

2021 மே மாசம் ஞாபகம் இருக்கா? இப்ப ஃபர்ஸ்ட் இயர்ல இருக்கிறவங்க அப்ப எட்டாவது படிச்சிருப்பீங்க. நான் பிளஸ் ஒன், ஆல் பாஸ். ஊர்ல, அதாவது தேங்காய்ப்பட்டணத்துல, லாக்டவுன். அந்த மாசம் பாதியில டவ்தே புயல் வேற. மழை, கடல் சீற்றம், கரண்ட் இல்ல. செய்ய வேலை இல்லாததால நான்தான் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்போட மருத்துவ ஆலோசகர். இங்கிலீஷ் மீடியம் படிச்ச பையனுக்கு எல்லாம் தெரியும்னு வீட்ல ஒரு நம்பிக்கை.

அப்ப ஒரு மெசேஜ் வந்துச்சு. ஃபிரிட்ஜ்ல வச்ச வெங்காயத்து மேல கறுப்பா தூள் மாதிரி இருக்குமே, அதுதான் கருப்பு பூஞ்சை, கண்ணு போயிரும்னு. நான் உடனே வீட்ல இருந்த ரெண்டு கிலோ பல்லாரியையும் தென்னை மூட்டுல கொண்டு கொட்டினேன். அம்மா திட்டினது இப்பவும் காதுல கேக்குது.

அதே வாரம் பெரியப்பாவுக்கு கொரோனா. கொப்பரை வியாபாரம் பண்றவர், பத்து வருஷமா சுகர் உண்டு. ஆக்சிஜன் அளவு 97, பெரிய மூச்சுத்திணறல் இல்ல, வீட்லயே இருந்தார். யாரோ ஒரு சொந்தக்காரருக்கு டாக்டர் எழுதின சீட்டோட போட்டோ குரூப்புக்கு வந்தது. "இத சாப்பிட்டு எங்க ஆளு நாலு நாள்ல எழும்பிட்டாரு"ன்னு கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். நான் சீட்டை வாசிச்சு, மெடிக்கல்ல போய் வாங்கிட்டு வந்தேன். மெத்தில்பிரெட்னிசோலோன். கடையில ஒண்ணும் கேக்கல. அது ஸ்டீராய்டுன்னு எனக்கும் தெரியல.

பல்லாரியால யாருக்கும் ஒண்ணும் ஆகல. மாத்திரையால ஆச்சு. எப்படின்னு சொல்றேன்.

வெங்காயத்துல இருக்கிற கறுப்பு தூள் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர்னு ஒரு பூஞ்சை. நோய்க்குக் காரணமானது வேற குடும்பம். மியூகோரேல்ஸ்னு பேர், அதுல முக்கியமா ரைசோபஸ். நோயோட பேர் மியூகார்மைகோசிஸ். இதுல வேடிக்கை என்னன்னா, இந்தப் பூஞ்சை ஒண்ணும் கறுப்பா இருந்து அந்தப் பேர் வரல. இது ரத்தக் குழாய்க்குள்ள நுழைஞ்சு வளரும், குழாய் அடைக்கும், அதுக்கு அப்பால இருக்கிற சதைக்கு ரத்தம் போகாது, சதை செத்து கறுத்துப்போகும். நாம பார்க்கிற கறுப்பு நம்ம சதைதான்.

சரி, ரைசோபஸ் எங்க இருக்கு? எல்லா இடத்துலயும். மண்ணு, சாணம், அழுகின பழம், பழைய பிரெட். எங்க ஊர் மாதிரி ஈரக்காத்து அடிக்கிற ஊர்ல சரியா காயாத கொப்பரையில ரெண்டே நாள்ல விதவிதமா பூஞ்சணம் பிடிக்கும். (பூஞ்சைன்னு எழுதணுமா பூஞ்சணம்னு எழுதணுமான்னு எடிட்டர்கிட்ட கேட்டேன், ரெண்டும் சரின்னுட்டார்.) இந்த வித்துகளை நீங்களும் நானும் தினமும் மூச்சுல இழுத்துக்கிட்டுதான் இருக்கோம். ஒண்ணும் ஆகாததுக்குக் காரணம், மூக்குலயும் நுரையீரல்லயும் காவலுக்கு நிக்கிற வெள்ளணுக்கள் வித்து முளைக்கிறதுக்கு முன்னாடியே அதை முடிச்சிடும். அதனால "பூஞ்சை எங்கிருந்து வருது"ன்னு தேடறது தப்பான கேள்வி. காவல் எப்ப தளருதுங்கிறதுதான் கேள்வி.

கட்டுப்பாடில்லாத சுகர் முதல் காரணம். ரத்தத்துல சர்க்கரை ரொம்ப ஏறினா வெள்ளணுக்கள் மந்தமாயிடும். இன்னும் மோசமா போய் ரத்தத்துல அமிலம் கூடினா வேற ஒரு விஷயம் நடக்கும். நம்ம உடம்பு இரும்புச்சத்தை சும்மா அலைய விடாது, ஒரு புரதத்தோட கட்டி வச்சிருக்கும். அமிலம் கூடினா அந்தக் கட்டு நெகிழ்ந்து இரும்பு வெளிய வரும். ரைசோபஸ் வளர்றதுக்கு இரும்பு வேணும். விருந்து வச்சு கூப்பிட்ட மாதிரிதான்.

அடுத்தது ஸ்டீராய்டு. இங்க கொஞ்சம் நிதானமா வாசிங்க, ஏன்னா ஸ்டீராய்டு வில்லன் இல்ல. 2020 ஜூன்ல இங்கிலாந்துல நடந்த ரெகவரி ஆய்வோட முடிவு வந்தது. டெக்ஸாமெத்தசோன், தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு. இவ்வளவு மலிவான மருந்து, இத்தனை உயிர்! ஆனா அதே ஆய்வுல, ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு எந்தப் பலனும் இல்ல. முதல் பாதி மட்டும் ஃபார்வர்டு ஆச்சு, இந்த ரெண்டாவது பாதி ஆகல.

ஸ்டீராய்டு வேலை செய்றதே எதிர்ப்பு சக்தியை அடக்கித்தான். கொரோனா ரெண்டாவது வாரத்துல எதிர்ப்பு சக்தியே வெறிபிடிச்சு நுரையீரலைத் தாக்கும்போது அதை அடக்கணும். லேசான காய்ச்சலோட முதல் வாரத்துல அடக்கினா, வைரஸோட சண்டை போடற ஆளையே உக்கார வச்ச மாதிரி. போதாததுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏத்தும். கொரோனாவும் ஏத்தும். ஏற்கெனவே சுகர் இருக்கிற பெரியப்பாவுக்கு, 97 ஆக்சிஜன்ல, ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு ஒரு தடவை கூட பார்க்காம, பன்னிரண்டு நாள் நான் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். வீட்ல குளுக்கோமீட்டர் இருந்தது. ஸ்ட்ரிப் தீர்ந்துபோய் கிடந்தது.

கொரோனா போச்சு, எல்லாரும் சந்தோஷமா இருந்தோம். ஒரு வாரம் கழிச்சு மேல்வரிசைப் பல் வலிக்குதுன்னார். அப்புறம் வலது கன்னம் மரத்துப்போச்சு, அந்தப் பக்க மூக்கு அடைச்சது. பல்வலிதானேன்னு ரெண்டு நாள் கிராம்புத் தைலம் தடவினோம். கண்ணுக்குக் கீழ வீங்கினதும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை 420. மூக்குக்குள்ள கேமரா விட்டுப் பார்த்து, சதை எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சு, அன்னைக்கே சொல்லிட்டாங்க.

இது போற பாதை அதுதான்: மூக்கு, அதைச் சுத்தி இருக்கிற சைனஸ் அறைகள், மேல் தாடை, கண், அப்புறம் மூளை. கண்ணைத் தொடுறதுக்கு முன்னாடி பிடிச்சா ஒரு கதை, பிறகு பிடிச்சா வேற கதை. ஒரு பக்கம் மட்டும் முக வலி, மரப்பு, மூக்குல கறுப்பாவோ ரத்தம் கலந்தோ வடியறது, பல் ஆடறது, பார்வை ரெண்டா தெரியறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போகணும். நாளைக்குன்னு தள்ளக்கூடாது.

மருந்து ஆம்போடெரிசின் பி. சிறுநீரகத்தைப் பாதிக்கும், குளிர் நடுக்கம் வரும், டாக்டர்களே கிண்டலா ஆம்போ-டெரிபிள்னு சொல்வாங்களாம். பாதிப்பு குறைவான லிப்போசோமல் வகையில கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு தினம் 300. ஒரு குப்பியில 50 தான் இருக்கும். ஆக தினம் ஆறு குப்பி, வாரக்கணக்குல. அந்த மே மாசம் நாடு முழுக்க இதுக்குத் தட்டுப்பாடு ஏன் வந்ததுன்னு இப்பப் புரியும். செத்த சதைக்கு ரத்தம் போகாததால மருந்தும் அங்க போய்ச் சேராது, அதனால அறுத்தும் எடுக்கணும். பெரியப்பாவுக்கு வலது மேல் தாடையில பாதி போச்சு. கண் தப்பிச்சது. இப்ப அண்ணத்துல ஒரு பிளேட் மாட்டியிருக்கார். அதைக் கழட்டினா பேச்சு மூக்கால வரும், கஞ்சி குடிச்சா மூக்கு வழியா ஏறும். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல.

தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்னு ஆக்கினது 2021 மே 20. ஜூலை பாதிக்குள்ள இந்தியாவுல 45 ஆயிரம் பேருக்கு மேல பாதிப்பு, 4 ஆயிரத்துக்கு மேல இறப்புன்னு நாடாளுமன்றத்துல சொன்னாங்க. அந்த நேரத்துல நம்ம கவனமெல்லாம் எங்க இருந்ததுன்னா வெங்காயம், அப்புறம் வெள்ளைப் பூஞ்சை, மஞ்சள் பூஞ்சைன்னு கலர் கலரா. கலர் சொல்லிக் குழப்பாதீங்கன்னு எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா சொல்ல வேண்டி வந்தது. இது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்தாதுங்கிற சின்ன விஷயம் கூட பலருக்குத் தெரியாது. பெரியப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப தெருவுல யாரும் பக்கத்துல வரல.

ஏன் இப்ப இதை எழுதறேன்? போன மாசம் ஹாஸ்டல்ல என் ரூம்மேட் தொடையில படர்தாமரைக்கு ஒரு க்ரீம் தடவிட்டு இருந்தான். "செம மச்சி, ஒரே நாள்ல அரிப்பு போச்சு"ன்னான். ட்யூபைத் திருப்பிப் பார்த்தேன். குளோபெட்டசால். அதுவும் ஸ்டீராய்டுதான், அதுவும் பலமான வகை. அரிப்பை நிறுத்தும், அடியில பூஞ்சை நிம்மதியா வளரும், நிறுத்தினதும் ரெண்டு மடங்கா திரும்பி வரும். இந்த மாதிரி கலவை க்ரீம்களைக் கண்டபடி தடவினதும் சேர்ந்துதான் ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியேன்னு, பேர்லயே இந்தியா இருக்கிற ஒரு பூஞ்சை பரவக் காரணம்னு தோல் டாக்டர்கள் சொல்றாங்க. வழக்கமா கொடுக்கிற டெர்பினாஃபின் அதுக்குப் பல பேர்கிட்ட கேக்கறதில்ல. 2023ல அமெரிக்காவுலயும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

உங்க ரூம்ல இருக்கிற ட்யூபை எடுத்து சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், இதுல எதாவது இருந்தா, டாக்டர் எழுதாம வாங்கினதா இருந்தா, தடவறதை விட்டுட்டு அரசு ஆஸ்பத்திரி தோல் ஓ.பி.க்குப் போங்க. மருந்து வாரக்கணக்குல எடுக்க வேண்டி வரும், அரிப்பு நின்னதும் நிறுத்தக்கூடாது. துண்டு, ஜீன்ஸ் கடன் கொடுக்கறதை அதுவரைக்கும் நிறுத்தி வைங்க. என் ரூம்மேட் மூணாவது வாரத்துல இருக்கான். என் துண்டை இன்னும் திருப்பித் தரல, நானும் கேக்கல.