கல்லீரல் ஊறவைத்த ஜவ்வரிசி

சேலம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாம் நிறுத்தம். புரதப் பொடி கரைத்த பானம், மோர், தெளிந்த சூப், கொஞ்சம் காய். நாள் முழுக்க இவ்வளவுதான். “உடம்பு இளைக்கத்தானே ஆபரேஷன்? இளைச்சுட்டு வாங்கன்னா அப்புறம் ஆபரேஷன் எதுக்கு? நாலு நாளா இவர் படற பாட்டைப் பார்க்க முடியலை. தண்ணி ஆகாரம்தானே சொன்னாங்க, கொஞ்சம் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தா தப்பா?”

ஜவ்வரிசி என்ற சொல்லை அவர் எழுதியதும் எனக்கு வேலை எளிதாகிவிட்டது. அவர் கேட்டது இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் பதில் அந்த ஜவ்வரிசிக்குள்தான் இருக்கிறது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இந்த இரண்டு வாரப் பத்தியம் எடைக்காகச் சொல்லப்படுவதில்லை, கல்லீரலுக்காகச் சொல்லப்படுகிறது. பல மருத்துவமனைகளில் இதை நோயாளிக்கு விளக்குவதே கிடையாது. ஒரு தாளை நீட்டி ‘இதன்படி சாப்பிடுங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். பட்டினி கிடப்பவருக்குக் காரணம் தெரியாமல் இருப்பது பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது இந்த அறுவை பெரும்பாலும் நுண்துளை வழியாகத்தான் நடக்கிறது. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்திக் கூடாரம்போல உப்பவைத்து, விரல் நுழையும் அளவுள்ள சில துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விடுகிறார்கள். ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அந்தத் தையல் கோடு போய் முடியும் இடம் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் மூலை. ‘ஹிஸ் கோணம்’ என்று பெயர். அறுவைக்குப் பிறகு எல்லோரும் அஞ்சுகிற கசிவு பெரும்பாலும் இந்த மூலைக்குப் பக்கத்தில்தான் ஏற்படுகிறது. ஆக, மருத்துவரின் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரிய வேண்டிய இடம் இது. கல்லீரலின் இடது மடல் மூடிபோலக் கவிந்திருப்பதும் இதன் மேல்தான்.

நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு சிறு துளை போட்டு, வளைந்த எஃகுக் கம்பி ஒன்றை நுழைத்து, அந்த மடலைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். அறுவை முடியும்வரை அது அப்படியே நிற்க வேண்டும். மெல்லிய மடல் என்றால் சுலபமாக மடங்கிக் கொடுக்கும். கொழுப்பேறித் தடித்த மடலோ நெய் ஊறிய அல்வாவைக் கரண்டியால் தூக்குவதுபோல: கனம், வழுக்கல், கொஞ்சம் அழுத்தினால் பிய்ந்து ரத்தம். கல்லீரல் இடம் விடாததால் நுண்துளையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வந்ததும், அறுவையையே தள்ளிவைத்ததும் உண்டு.

சரி, இரண்டே வாரத்தில் ஒரு உறுப்பு எப்படிச் சுருங்கும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸில் ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. அதைத் தனித்தனி மூலக்கூறுகளாகக் கொட்டி வைக்க முடியாது. அவ்வளவு சர்க்கரை செல்லுக்குள் கரைந்து கிடந்தால், சவ்வூடு தண்ணீர் புகுந்து செல்லே வெடித்துவிடும். அதனால் குளுக்கோஸைக் கோத்துக் கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே மணியாகத் திரட்டிவிடுகிறது. அதுதான் கிளைக்கோஜன். மரவள்ளிக் கிழங்கு தன் சர்க்கரையை மாவுச்சத்தாகச் சேர்த்துவைப்பதும் இதே உத்தி. சேலத்து ஆலைகளில் அந்த மாவைத் திரட்டி உருட்டினால் ஜவ்வரிசி. கல்லீரல் செய்வதும் ஒருவகை ஜவ்வரிசிதான். கிளைகள் மட்டும் இன்னும் நெருக்கம். மணிகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, மின்னணு நுண்ணோக்கியில் காலிஃபிளவர் பூப்போலத் தெரிகின்றன.

ஜவ்வரிசியை ராத்திரி ஊறவைத்துவிட்டுத் தூங்கிப்போனவர்களுக்குத் தெரியும், காலையில் பாத்திரம் கொள்ளாது. கிளைக்கோஜனும் அப்படித் தண்ணீரைக் கட்டிக்கொண்டே இருக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர். நன்றாகச் சாப்பிடுகிற ஒருவரின் கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் இருக்கும். அது பிடித்துவைத்திருக்கும் தண்ணீர் 300 கிராம். ஒன்றரைக் கிலோ உறுப்பில் 400 கிராம் இந்த ஊறிய ஜவ்வரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாத்திரம் கூட்டுக்குடும்பத்துப் பாத்திரம். தசைகளும் தங்களுக்கென்று 400 கிராம்போலச் சேர்த்துவைத்திருக்கின்றன. ஆனால் அவை தனிக்குடித்தனம். தங்கள் பங்கை ரத்தத்துக்குத் திருப்பி விடுவதற்கான நொதி அவற்றிடம் இல்லை. ஊருக்கெல்லாம் அளந்து கொடுப்பது கல்லீரல் மட்டும்தான். வீட்டில் அதிகம் தின்கிற பிள்ளை மூளை. அதற்கு மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிதாக ஜவ்வரிசி போடாவிட்டால் பாத்திரம் ஒன்றிரண்டு நாளில் ஏறக்குறைய காலி. மணிகள் இத்தனை கிளைகளாக இருப்பதன் பயனும் இங்கேதான் தெரிகிறது. முருங்கைக் கீரையைப் பத்துப் பேர் சேர்ந்து உருவுவதுபோல, நொதிகள் எல்லா நுனியிலிருந்தும் ஒரே நேரத்தில் குளுக்கோஸைக் கழற்றுகின்றன. கழன்ற சர்க்கரையை உடம்பு எரித்துவிடுகிறது. அது விட்ட தண்ணீர் சிறுநீராகப் போய்விடுகிறது. பத்தியத்தின் முதல் நாட்களில் அடிக்கடி பாத்ரூம் போவது அதனால்தான்.

கஞ்சிப் பாத்திரத்தில் நெய் வேறு மிதக்கிறதே, அதையும் பார்க்க வேண்டும். உடல் பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரல் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் நிறைந்திருக்கின்றன. இரண்டு கிலோ கல்லீரலில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு என்றால் அதுவே 400 கிராம். இடுப்புக் கொழுப்பு நிதானமாகக் கரையும். கல்லீரல் கொழுப்போ சாப்பாடு குறைந்தவுடனே கிளம்பிவிடும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்று சர்க்கரை அளவும் அதே வாரத்தில் இயல்புக்கு வந்துவிட்டது. எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சில நாட்களிலேயே சர்க்கரை இறங்குவதைக் கண்டு, அது கத்தியின் வேலையா பட்டினியின் வேலையா என்று டெய்லர் கேட்டதில் பிறந்த ஆய்வு இது.

வரலாற்றை ஒரு பத்தியில் முடிக்கிறேன். 1855இல் கிளாட் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு உடலியலாளர் ஒரு கல்லீரலை வெளியே எடுத்து, ரத்தக் குழாய் வழியே தண்ணீர் விட்டு, சர்க்கரை துளியும் இல்லாத அளவுக்குக் கழுவினார். மறுநாள் சோதித்தால் மறுபடியும் சர்க்கரை! உள்ளே ஏதோ சேமிப்பு இருக்கிறது என்று தேடிப்போய் 1857இல் கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். எட்வர்ட் மேசன் 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் இரைப்பை மாற்றுப்பாதை அறுவையைத் தொடங்கியபோது வயிற்றை நீளமாகத் திறந்தார்கள். கல்லீரலைக் கையாலேயே ஒதுக்கலாம். 1990களில் நுண்துளை முறை வந்த பிறகுதான் கல்லீரலின் பருமன் இவ்வளவு பெரிய விஷயமானது.

இந்தப் பத்தியத்துக்கு ஆதாரம் எவ்வளவு? ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 32 பேரை 12 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். கல்லீரல் சராசரியாக 19 சதவீதம் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கத்தில் 80 சதவீதம் முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிட்டது. உடல் எடையும் வயிற்றுக் கொழுப்பும் மட்டும் 12 வாரமும் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு வாரம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது இதிலிருந்து புரியும். 2011இல் வந்த இன்னொரு ஆய்வில் 298 பேரைக் குலுக்கிப்போட்டு இரண்டு அணியாகப் பிரித்தார்கள். இரண்டு வாரம் பத்தியம் இருந்தவர்களுக்கு அறுவை செய்வது சுலபமாக இருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். அறுவை நேரம் குறையவில்லை. முதல் 30 நாளில் சிக்கல் வந்தவர்கள் பத்திய அணியில் 8 பேர், மற்ற அணியில் 18 பேர். பெரிய அற்புதம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வாரக் கஷ்டத்துக்கு நியாயமான பலன்.

இதே கணக்கு தெரிந்தால் சில விளம்பரங்களையும் எடைபோடலாம். ‘ஒரே வாரத்தில் நான்கு கிலோ’ என்று பொடி விற்கிறார்களே, அதில் பாதி இந்தக் கிளைக்கோஜனும் தண்ணீரும்தான். கல்லீரலும் தசையும் சேர்ந்து 500 கிராம் கிளைக்கோஜன், அதோடு ஒன்றரைக் கிலோ தண்ணீர், ஆக இரண்டு கிலோ. பிரியாணி சாப்பிட்ட மறுநாளே திரும்பி வரத் தொடங்கிவிடும். ‘கல்லீரலைக் கழுவும்’ கஷாயங்கள் எதையும் கழுவுவதில்லை. திரவப் பத்தியத்தை மருத்துவர் துணை இல்லாமல் கடையில் வாங்கிச் செய்வதன் ஆபத்தையும் உலகம் பார்த்திருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தரமற்ற கொலாஜன் புரதத்தை மட்டுமே குடித்து மாதக்கணக்கில் இருந்தவர்களில் சுமார் 60 பேர் இறந்துபோனார்கள், பலர் இதயத் துடிப்பு குலைந்து.

இன்னொரு தவறான பேச்சும் உண்டு: ‘இந்த இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க முடியாதவர் அறுவைக்குப் பிறகு எப்படிச் சமாளிப்பார்?’ பத்தியம் ஒரு மன உறுதித் தேர்வு இல்லை. அமெரிக்காவில் சில காப்பீட்டு நிறுவனங்கள் மாதக்கணக்கில் எடை குறைத்துக்காட்டச் சொல்லி நிபந்தனை போட்டபோது, அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு எடைக் குறைப்பு அறுவை மருத்துவர் சங்கமே 2016இல் எழுத்தில் சொல்லிவிட்டது.

இனி, படுகிற பாடு. முதல் மூன்று நான்கு நாள்தான் மிக மோசம். தலைவலி, எரிச்சல், எழுந்தால் கிறுகிறுப்பு. இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரோடு சேர்த்து வெளியேற்றுகிறது, கிறுகிறுப்பு அதனால். மருத்துவர் தடுத்திராவிட்டால் உப்புப் போட்ட தெளிந்த ரசமும் மோரும் கைகொடுக்கும். அதற்குப் பிறகு கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்து மூளைக்கு ஊட்டத் தொடங்கும். பலருக்குப் பசியின் கூர்மை மழுங்கும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் ஏறி, சாப்பிடாவிட்டாலும் தானே இறங்கிவிடும். காலை எட்டு மணிப் பசி பதினோரு மணிவரை ஏறிக்கொண்டே போகாது. அந்த நேரத்தில் அவரைத் தாளிப்பு வாசனை வரும் சமையலறைப் பக்கம் உட்காரவைக்காமல், ஒரு டம்ளர் புரத பானத்தோடு தெருமுனைவரை நடக்க அழைத்துப்போங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பற்றி முதல் நாளே மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். சோறு இல்லாதபோது பழைய அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் பட்டினியோடு சேர்ந்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே உடம்பில் கீட்டோன் அமிலம் தேங்கலாம். அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்கிறார்கள். இப்படிப் பத்தியம் இருப்பவர் அதற்கும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். தானாக நிறுத்தவும் கூடாது, கேட்காமல் தொடரவும் கூடாது.

இப்போது சகோதரியின் இரண்டாவது கேள்வி. நம் ஊரில் கஞ்சி என்றால் நோயாளி உணவு, லேசானது, தண்ணீர் ஆகாரம். கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அரிசிக் கஞ்சி, ராகிக் கூழ், பழச்சாறு, இளநீர் எல்லாமே அதற்குச் சர்க்கரை வரவுதான். ஜவ்வரிசிக் கஞ்சியோ ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. இத்தனை நாள் சிரமப்பட்டு வடித்த பாத்திரத்தில் மறுபடியும் ஜவ்வரிசியை ஊறப்போடுவதுதான் அது. அறுவைக்கு முந்தின நாள் ‘இனிமே எப்போ சாப்பிடப் போறாரோ’ என்று உறவினர்கள் வைக்கும் விருந்தும் அப்படியே. நாலாவது நாளில் மனம் தாங்காமல் ஏற்கனவே ஒரு டம்ளர் கொடுத்திருந்தால் பாதகமில்லை. மறைக்காமல் டயட்டீஷியனிடம் சொல்லிவிட்டு அன்றிலிருந்து தொடருங்கள். பருப்பை வடித்த தண்ணீரையும் நம்ப வேண்டாம். புரதம் அடியில் தங்கிய பருப்பில்தான் இருக்கிறது. புரதம் போதவில்லை என்றால் கல்லீரல் அவருடைய தசையைக் கரைத்துத்தான் குளுக்கோஸ் செய்யும்.

அறுவைக்குப் பிறகு தெளிந்த திரவம், கெட்டித் திரவம், குழைவான உணவு என்று படிப்படியாக வாரக்கணக்கில் போவார்கள். கஞ்சியை எந்தப் படியில், எவ்வளவு தரலாம் என்று உங்கள் டயட்டீஷியன் சொல்வார். அதுவரை ஜவ்வரிசி டப்பாவை மேல் தட்டில் வைத்துவிடுங்கள்.