ஜிம்முக்குப் போகாமல் உடல் எடையைக் குறைப்பது எப்படி?



வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் முக்கொம்புக்கு அழைத்துப் போவது திருச்சி, ஸ்ரீரங்கம் மக்களின் வழக்கம். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், முறுக்கு என்று தூக்குச்சட்டிகளை நிரப்பிக்கொண்டு போவோம். பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். பெரியவர்களோ விரித்த பாயை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். "அணை வரை ஒரு நடை நடந்து வருவோமா?" என்று கேட்டால், ஒருவருக்கு மூட்டு வலி, இன்னொருவருக்கு மூச்சு வாங்குகிறது. வயதைக் கேட்டால் நாற்பத்தைந்துதான் இருக்கும்.

இது ஏதோ ஓரிரு குடும்பங்களின் நிலை அல்ல. 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மீறிய எடையுடன் இருக்கிறார்கள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு நோய் இருப்பதாகக் கூறுகிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, மூட்டுத் தேய்வு ஆகிய நான்குக்கும் அதிக எடை ஒரு முக்கிய காரணம்.

"எடையைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொன்னவுடன் பலருடைய மனதில் வருவது ஜிம்தான். கட்டணம் கட்ட வசதி வேண்டும், நேரம் வேண்டும். நம் வீட்டுப் பெண்களில் பலருக்குக் கூச்சம் வேறு. ஆகவே "நமக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் எடை குறைவதற்கு ஜிம் அவசியமே இல்லை.

நம் எடை சரிதானா?

முதலில் அளந்து பாருங்கள். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பதே உடல் நிறைக் குறியீட்டு எண். மேல்நாட்டவருக்கு இது 25 வரை இருக்கலாம். இந்தியர்களுக்கோ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை. 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். உதாரணமாக 160 செ.மீ. உயரம் உள்ள ஒருவர் 59 கிலோவுக்குள் இருப்பது நல்லது. 64 கிலோவைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

நமக்கு ஏன் இந்தக் கடுமையான அளவு? ஒரே எடையுள்ள ஐரோப்பியரையும் இந்தியரையும் ஒப்பிட்டால், இந்தியரின் உடலில் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருக்கிறது. அந்தக் கொழுப்பும் வயிற்றைச் சுற்றியே சேருகிறது. கைகால் மெலிந்து, தொப்பை மட்டும் உள்ள மனிதரை நாம் "ஒல்லியானவர்" என்கிறோம். நோய் அவரையும் விடுவதில்லை. எனவே தையற்காரரின் அளவு நாடாவால் இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

முக்கொம்பு கற்பிக்கும் பாடம்

முக்கொம்பில்தான் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்வது கொள்ளிடம். தெற்கே செல்வது காவிரி. ஒரு காலத்தில் தண்ணீரெல்லாம் தாழ்வான கொள்ளிடத்தில் ஓடிக் கடலில் கலந்தது. காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சை வயல்கள் வாடின. 1836-ல் சர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். மலைபோல் உயர்ந்த அணை அல்ல, தாழ்வான ஒரு தடுப்புதான். ஆனால் நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பப்பட்ட தண்ணீர் ஒரு மாவட்டத்தையே வாழ வைத்தது.

நம் உடலின் கணக்கும் இதுவே. உண்ணும் உணவு சக்தியாகிறது. செலவாகாமல் மிஞ்சுவது கொழுப்பாகப் படிகிறது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி சக்தி அடங்கியிருக்கிறது. நாள் ஒன்றுக்கு 250 கலோரியைத் திருப்பிவிட்டால், ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ குறையும்.

250 கலோரி என்பது பெரிய தியாகமா? பாருங்கள். ஒரு நாளில் மூன்று வேளை காப்பி, வேளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 120 கலோரி. சமையலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் இன்னொரு 120 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவதும் ஏறத்தாழ 120 கலோரிதான். இந்த மூன்றில் இரண்டைச் செய்தாலே கணக்கு சரியாகிவிடும். நாட்கள் செல்லச் செல்ல உடல் பழகிக்கொள்வதால் எடை குறையும் வேகம் தணியும். அதற்காக மனம் தளர வேண்டாம்.

சென்னையில் கண்ட உண்மை

நடையும் உணவுக் கட்டுப்பாடும் நம் மக்களுக்குப் பலன் தருமா? இதைச் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குச் சொல்லப்பட்டது இவ்வளவே: தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், சர்க்கரை, எண்ணெய், மாவுப் பண்டங்களைக் குறைக்க வேண்டும், நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். மூன்று ஆண்டுகளில், இந்த ஆலோசனை பெறாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. ஆலோசனைப்படி நடந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. பலன் அடைந்த பிரிவினரின் சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை. அப்படியிருந்தும் நோய் தள்ளிப்போனது. ஆகவே எடை பார்க்கும் இயந்திரத்தின் முள் அசையவில்லையே என்று நடையை நிறுத்துவது பெரும் தவறு. முள் அசையும் முன்பே உடலுக்குள் நன்மை தொடங்கிவிடுகிறது. எடையும் சேர்ந்து குறைந்தால் நன்மை இன்னும் அதிகம்.

சென்னை ஏஷியாட் காலனியில் நடந்த மற்றொரு செய்தியும் நம்மைப் போன்ற சபை மக்களுக்குப் பயன்படும். அங்கே நீரிழிவு பற்றிய விழிப்புணர்வு பெற்ற குடியிருப்பாளர்கள், யாரையும் எதிர்பாராமல் தாங்களே பணம் சேர்த்து ஒரு பூங்கா அமைத்தார்கள். அதற்கு முன் நூற்றுக்கு 14 பேர்தான் உடற்பயிற்சி செய்துவந்தனர். சில ஆண்டுகளில் அது 58-க்கு மேல் உயர்ந்தது. நடக்க ஓர் இடமும் கூட நடக்க நாலு பேரும் இருந்தால் மனிதர்கள் நடப்பார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

நடக்க வேண்டிய முறை

1. வாரத்தில் ஐந்து நாட்களாவது, நாளுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும். முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடக்கலாம்.

2. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம்.

3. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் மெதுவாக நடப்பது இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைத் தணிக்கும்.

4. நம் ஊரில் இடத்திற்குக் குறைவில்லை. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகள், சித்திரை வீதிகள், திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை, அண்ணா விளையாட்டரங்கம் எல்லாம் இருக்கின்றன. மழை நாளில் வீட்டு மாடி போதும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

5. நடை மட்டும் போதாது. தசையும் பலப்பட வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கைகளை ஊன்றி முன்னும் பின்னும் சாயுங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் இப்படிச் செய்தால் போதும்.

நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பயிற்சிகள் தேவைப்படவில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் குடமும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. மிக்ஸியும் மோட்டாரும் வந்தது நல்லதே. ஆனால் மிஞ்சிய நேரத்தைத் தொலைக்காட்சியும் கைபேசியும் எடுத்துக்கொண்டன.

தட்டில் செய்ய வேண்டிய மாற்றம்

பட்டினி கிடக்க வேண்டாம். பட்டினி கிடந்தவர் அடுத்த வேளை இரு மடங்கு உண்பார். தட்டில் பாதியைக் காய்கறி, கீரைக்கு ஒதுக்குங்கள். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்கே சோறு. முதலில் காய்களைச் சாப்பிட்டால் சோறு தானாகக் குறையும். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறோம் என்று மளிகைச் சீட்டைப் பார்த்தாலே உண்மை தெரியும். வெல்லம், தேன் இரண்டும் சர்க்கரைக்குச் சமமே. அவற்றால் எடை குறையாது.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆராதனை முடிந்து கொடுக்கும் இனிப்புத் தேநீர், பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டலும் மோரும் கொடுக்கலாம். அன்பின் விருந்தில் ஒரு காய்கறிக் கூட்டு சேரட்டும். பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் வாரம் இருமுறை சேர்ந்து நடக்கலாமே.

எச்சரிக்கை

நெஞ்சு வலி, இதய நோய் உள்ளவர்களும், பல ஆண்டுகள் உடல் உழைப்பே இல்லாதவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நடக்கும்போது நான்கு மிட்டாய் கையில் வைத்திருங்கள். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே சாப்பிடுங்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலில் ஏற்படும் சிறு காயமே சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரும் ஆபத்தாக முடியும். கர்ப்பிணிகள் எடை குறைக்க முயலக் கூடாது.

"ஒரே மாதத்தில் பத்துக் கிலோ" என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நம்ப வேண்டாம். மாறாக, எந்த முயற்சியும் செய்யாமலே எடை குறைந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். காசநோய், நீரிழிவு, தைராய்டு கோளாறு, புற்றுநோய் ஆகியவற்றின் அடையாளமாக அது இருக்கலாம். தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

குறைத்த எடையைக் காப்பது

எடை குறைந்த பின்பும் விழிப்பு வேண்டும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் இரவு நேரத்தில் உடைந்துபோனதை நாம் மறக்கவில்லை. பல காலம் நின்ற அணைக்கும் கண்காணிப்பு தேவை. மாதம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடையையும் இடுப்பளவையும் பார்த்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டு கிலோ கூடினாலே விழித்துக்கொள்ளலாம்.

எண்பது கிலோ உள்ளவர் ஐம்பத்தைந்துக்கு வர வேண்டும் என்பதில்லை. நான்கைந்து கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும், மூட்டின் பாரமும் குறையும். முப்பது வயதைத் தாண்டிய அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இன்று மாலையே பத்து நிமிட நடையுடன் தொடங்குங்கள். வீட்டில் உள்ள ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.