தீர்ப்பு வழங்குவது பத்திரிகையா, ஜூரியா?

நம் நாட்டில் குற்ற வழக்குகளுக்கான ஜூரி முறை 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு விடைபெற்றுவிட்டது. அமெரிக்காவிலோ சட்டம் பயிலாத சாதாரணக் குடிமக்கள், பெரும்பாலும் பன்னிருவர், ஒருவர் குற்றவாளியா அல்லவா என்று இன்றும் முடிவு செய்கின்றனர். நம்மைப் போலவே காலையில் செய்தித்தாள் படிக்கும் அவர்களின் உள்ளத்தில் முன்முடிவு படியாமல் காப்பது எவ்வாறு?

காக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஓஹையோ மாநிலத்து மருத்துவர் சாம் ஷெப்பர்டின் வழக்கே சான்று. 1954 ஜூலை 4 அதிகாலையில் கிளீவ்லாந்து நகரையடுத்த இல்லத்தில் அவருடைய மனைவி கொலையுண்டு கிடந்தார். உள்ளே புகுந்த அந்நியன் ஒருவனே கொன்றான் என்றார் ஷெப்பர்ட். உள்ளூர்ப் பத்திரிகைகள் அதனை ஏற்கவில்லை. அவர் ஏன் இன்னும் சிறையில் இல்லை எனத் தலையங்கமே கேட்டது! ஜூரிப் பணிக்கு அழைக்கப்பட்டோரின் பெயர்களும் முகவரிகளும் அச்சேறின. அவர்களுக்கு மொட்டைக் கடிதங்கள் பறந்தன. நீதிமன்றத்துள் நிருபர்களின் மேசை ஜூரிகளின் இருக்கைக்கு மூன்றடிகூட இடைவெளியின்றி முடிந்தது. முடிவை ஆலோசித்த நாள்களிலும் ஜூரிகள் வீட்டாருடன் தொலைபேசியில் உரையாடினர். மறுமுனையில் பேசப்பட்டது என்ன என்பதை யார் அறிவார்?

ஆயுள் தண்டனை பெற்ற ஷெப்பர்ட் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சிறையில் கழித்தார். 1966இல் உச்ச நீதிமன்றம் அவ்விசாரணை நேர்மையற்றது என அறிவித்தது. அதே ஆண்டு மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். பரபரப்பு அடங்கும்வரை வழக்கைத் தள்ளிவைக்கலாம், வேறு ஊருக்கு மாற்றலாம், ஜூரிகளைத் தனித்துத் தங்கவைக்கலாம், வழக்கறிஞரும் காவலரும் வெளியே பேசுவதைத் தடுக்கலாம் என்று அத்தீர்ப்பு வழிகாட்டியது. நீதிபதி தம் கடமையைச் செய்யவில்லை என்பதே அதன் சாரம்.

168 பேரைப் பலிகொண்ட 1995ஆம் ஆண்டு ஓக்லஹோமா நகர் குண்டுவெடிப்பு வழக்கு டென்வர் நகருக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு முடிவுற்ற ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கிலோ ஜூரிகள் 265 நாள்கள் விடுதியில் அடைபட்டிருந்தனர். தீர்ப்புச் சொல்ல வந்தவர்களுக்கே சிறைவாசம்!

எனினும் ஊர் மாற்றம் மட்டும் போதுமா? இண்டியானா மாநிலக் கொலை வழக்கொன்று அண்டை மாவட்டத்திற்கு மாற்றப்பட்டது. செய்திகளோ அங்கும் முந்திச் சென்றிருந்தன. அமர்ந்த பன்னிரு ஜூரிகளுள் எண்மர், அவன் குற்றவாளியே எனத் தாம் கருதுவதாக முன்னரே ஒப்புக்கொண்டனர். ஆயினும் நடுநிலையாக முடிவெடுப்போம் என்றனர். வழக்கைப் பற்றி எதுவுமே கேள்விப்படாதவராக ஜூரி இருக்க வேண்டியதில்லை, கேட்டதை ஒதுக்கிவைத்துச் சாட்சியத்தின்படி முடிவு செய்தால் போதும் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அந்த எண்மரின் உறுதிமொழியை அது நம்பவில்லை. தண்டனையை ரத்து செய்தது.