தசை காத்திருக்கும் காலம்

இலங்கை மலையகத்தின் பட்டிப்பொல, அம்பேவெல, நானுஓயாப் பக்கத்தில் கையை நம்பித்தான் பிழைப்பு. கவ்வாத்துக் கத்தி, புல்லறுக்கும் அரிவாள், மண்வெட்டி என்று ஏதாவதொன்று நாள் முழுக்கக் கையில் இருக்கும். அது தவறி மணிக்கட்டிலோ முன்கையிலோ ஆழமாக இறங்கினால், தையல் போட்டு இரண்டு வாரத்தில் தோல் மூடிவிடுகிறது. காயம் ஆறிவிட்டது என்று வீட்டாரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் சுண்டுவிரல் மரத்தே கிடக்கிறது. விரல்களை விரிக்க முடியவில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதை மாதம் போகப்போக வற்றுகிறது. மூடிய தோலுக்கு அடியில் நரம்பு அறுந்திருக்கிறது. அறுந்த நரம்பு மீண்டும் வளரும் என்பதும், தசை அதற்காக வெகுகாலம் காத்திருக்காது என்பதும் மலையக வீடுகள் ஒவ்வொன்றுக்கும் தெரிய வேண்டிய செய்தி.

நரம்பு அறுந்தால் அவ்வளவுதான் என்று பலர் நம்புகிறார்கள். மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அது பெரும்பாலும் உண்மை. கைகால் நரம்புகளுக்கு அப்படியில்லை. தசையை இயக்கும் நரம்புக் கலம் முதுகுத்தண்டுக்குள் இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் ஒரே இழை தோளையும் முழங்கையையும் தாண்டி விரல் தசைவரை நீள்கிறது. வெட்டு விழுந்தால், கலத்தோடு தொடர்பற்றுப்போன கீழ்ப்பகுதி சில நாட்களில் சிதைந்துவிடும். தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி 1850இல் இதைக் காட்டினார் அகஸ்டஸ் வாலர். இந்தச் சிதைவே புது வளர்ச்சிக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. இழையைச் சுற்றியிருந்த ஷ்வான் கலங்கள் சாவதில்லை. மிச்சசொச்சத்தை அகற்றிவிட்டு, பழைய உறைக்குள் வரிசையாக நின்று வழி அமைக்கின்றன. மேல்முனையிலிருந்து கிளம்பும் புது முளை அந்த வழியே இறங்குகிறது. தசையைத் தொட்டதும் எங்கே ஒட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஜோஷுவா சேன்ஸ், ஜாக் மக்மஹன் முதலிய ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட சோதனை வியப்பானது. தவளையின் தசைநாரையே அழித்து, அது மீண்டும் வளராமலும் தடுத்தார்கள். வெற்று உறை மட்டுமே எஞ்சியிருந்தது. வளர்ந்து வந்த நரம்பு அந்த உறையில் தன் பழைய இணைப்பு இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. இடத்தின் அடையாளம் உறையிலேயே பதிந்திருக்கிறது.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டின் காலை வாருவது அதன் மந்த வேகம்தான். முளை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். மணிக்கட்டில் வெட்டு என்றால் உள்ளங்கைத் தசைகளை எட்ட மூன்று நான்கு மாதம் போதும். முழங்கையருகே என்றால் ஏறக்குறைய ஒரு வருடம். அக்குளருகே என்றால் அதற்கும் மேல். நரம்பின் தொடர்பற்ற தசையோ மெலிந்துகொண்டே போய், 12 முதல் 18 மாதங்களுக்குள் நாரும் கொழுப்புமாக மாறத் தொடங்குகிறது. அதன் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரிதாகப் பயன் இல்லை. நரம்பைத் தைக்காமல் கழியும் ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

தானாக வளரும் என்றால் பொறுத்திருக்கலாமே என்று கேட்கலாம். நசுங்கிய நரம்புக்கு அது சரி. உறை முழுதாக இருப்பதால் முளை வழி தவறாது. கத்தியால் துண்டான நரம்பில் இரு முனைகளும் விலகிவிடுகின்றன. வழி கிடைக்காத முளைகள் சுருண்டு, தொட்டாலே வலிக்கும் முடிச்சாகிவிடும். எண்ணெய் தேய்ப்பதால் மூட்டு இறுகாமல் இருக்கும், அது நல்லதுதான். ஆனால் அறுந்ததை எந்த எண்ணெயும் இணைக்காது. பட்டிப்பொலக் குளிரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நரம்பு அறுந்த கைக்குக் குளிர் தாங்காது. அடுப்பில் காய்ச்சினால் மரத்த தோலுக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். துணியால் சுற்றிக் கதகதப்பாக வைத்திருப்பதே பாதுகாப்பு.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்பது நியாயமான கவலை. அந்தக் கவலையைத் தொழிலாளியின் தலையில் மட்டும் சுமத்துவது அநியாயம். வேலையில் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு கோரும் சட்டம் இலங்கையில் 1934 முதல் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கித் தருவது தொழிற்சங்கத்தின் கடமை.

நரம்பை உடனே தைத்தாலும் கை பழையபடி ஆகிவிடுமா? பெரியவர்களுக்கு, அதிலும் மேற்கையில் அறுந்தால், முழுமையாகத் திரும்புவது அரிது. சில முளைகள் தவறான வழியில் புகுந்துவிடும். அதனால்தான் மாதக்கணக்கில் பயிற்சி தேவை. ஆனாலும் பாதி பலமும் கொஞ்சம் உணர்வும் திரும்பினாலே கத்தியைப் பிடிக்கலாம், பிள்ளைக்குச் சட்டை பொத்தான் போடலாம். தூரம்தான் பகை என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் உணர்ந்திருக்கிறார்கள். பிரான்சின் ஒபெர்லின் 1994இல் விவரித்த முறையில், நல்ல நிலையிலுள்ள அண்டை நரம்பின் ஓர் இழைக்கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்குப் பக்கத்திலேயே இணைக்கிறார்கள். காலம் கடந்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியிலிருந்து, தொழுநோயால் நரம்பு செத்த கைகளுக்கு வேறு தசையின் நாணை மாற்றிப் பொருத்தி விரல்களை இயங்க வைத்தார்.

கையில் ஆழமாக வெட்டுப்பட்டால், இரத்தத்தை அழுத்தி நிறுத்திய பிறகு மூன்றைப் பாருங்கள்: விரல்களை விரிக்க முடிகிறதா, பெருவிரல் சுண்டுவிரலின் நுனியைத் தொடுகிறதா, மணிக்கட்டு மேலே எழும்புகிறதா. கூடவே ஒவ்வொரு விரல்நுனியையும் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் தையலோடு வீடு திரும்ப வேண்டாம். சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் வைத்தியசாலைக்கு அன்றே துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.