ஊருக்கு உதவப் போனவர்... உறக்கத்தைத் தொலைத்து வந்தார்!

ஒத்தக்கடை என்றதும் மதுரைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது யானைமலை. அந்த மலையடிவாரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த அண்ணனின் வீடு. வாசலில் எப்போதும் ஒரு ‘குட்டியானை’ வேன் நிற்கும். வாரம் முழுக்க லோடு அடிப்பார். எங்காவது புயல், வெள்ளம் என்று செய்தி வந்துவிட்டால் அரிசி மூட்டை, பாய், போர்வை, மெழுகுவத்தி என்று அந்த வேன் நிரம்பிவிடும்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம், 2018 நவம்பரில் கஜா புயல் என எல்லாவற்றுக்கும் போனவர். “பேரெல்லாம் போட்டுறாதீங்க தம்பி. விளம்பரத்துக்குப் போனோம்னு ஆயிரும்” என்றார். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் வெறும் ‘அண்ணன்’தான்.

2024 ஜூலை 30 அதிகாலை. கேரளாவின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்கள் நிலச்சரிவில் புதைந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நண்பர்கள் நான்கு பேரோடு அண்ணன் கிளம்பிப் போனார். சாமான்களை இறக்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். ஆனால், ஆள் பற்றாக்குறையைப் பார்த்ததும் அங்கேயே தங்கி ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள்.

அடையாளம் தெரியாத உடல்களைப் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் மட்டும்.

“பேரு இல்ல தம்பி, நம்பர் மட்டும்தேன். அதுதேன் மண்டைக்குள்ளயே நின்னுருச்சு” என்றார் அண்ணன்.

‘நான் போயி என்னன்னு சொல்ல?’

ஊர் திரும்பியதும் மாலை போட்டார்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அடுத்த வாரமே அண்ணன் லோடு அடிக்கப் போய்விட்டார். வித்தியாசத்தை முதலில் கவனித்தது மதினிதான்.

“மழை பெஞ்சாப் போதும், படுக்கைய விட்டு எந்திரிச்சு வாசல்ல போயி நின்னுருவாரு. சோறு எறங்காது. சின்னவன் செருப்பு வாங்கிக் கேட்டதுக்கு, ‘அங்க சனம் வீடே இல்லாம நிக்கிது, ஒனக்குச் செருப்பு கேக்குதா’னு கத்துனாரு. புள்ள பயந்துபோச்சு” என்றார் அவர்.

டாக்டரிடம் போகச் சொன்னபோது அண்ணன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. “செத்தது அந்த ஊர்ச் சனம். வீடு வாசல் போனது அவுகளுக்கு. முழுசாத் திரும்பி வந்த நான் டாக்டர்ட்ட போயி என்னன்னு சொல்ல?”

உதவப் போகிறவர்கள் பலரின் வாயை அடைத்துவிடுவது இந்தக் குற்ற உணர்வுதான். ஊரார் துன்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ‘நமக்கு வருத்தப்படக்கூட உரிமையில்லை’ என்று நினைத்துவிடுகிறார்கள்.

அன்பு குறைந்துவிட்டதா?

அடுத்தவர் துயரத்தைத் தொடர்ந்து சுமப்பதால் வரும் இந்தத் தளர்ச்சியை ‘கம்பேஷன் ஃபடீக்’ என்கிறார்கள் உளவியலாளர்கள். பரிவுச் சோர்வு என்று சொல்லலாம். பார்த்த காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது, தூக்கம் கெடுவது, சின்ன விஷயத்துக்கும் எரிந்துவிழுவது, வீட்டில் இருந்தும் ஒட்டாமல் இருப்பது, கடைசியில் யார் அழுதாலும் மனம் அசையாமல் போவது... இவையெல்லாம் அதன் அடையாளங்கள். இது வந்தவருக்கு இரக்கம் இல்லையென்று அர்த்தமில்லை. இரக்கம் உள்ளவர்களுக்குத்தான் இது வருகிறது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள், நர்ஸுகள், தூய்மைப் பணியாளர்கள் என யாருக்கும் வரலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து ‘உளவியல் முதலுதவி’க்கான கையேடு ஒன்றை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லும் அந்தக் கையேட்டில், உதவுகிறவர் தன்னைப் பார்த்துக்கொள்வதற்கும் தனிப்பகுதி உண்டு. அது சொல்வது எளிமையானதுதான். வேலை நேரத்துக்கு எல்லை வையுங்கள். சாப்பாட்டையும் ஓய்வையும் தவிர்க்காதீர்கள். சோர்வை மறக்க மதுவைத் தேடாதீர்கள். எல்லாரையும் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பல்ல. முடிந்த சிறு உதவியையும் உதவி என்றே ஏற்றுக்கொள்ளுங்கள். தூக்கமின்மையும் கெட்ட நினைவுகளும் ஒரு மாதத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள்.

அண்ணனுக்கு அது இரண்டு மாதங்களைத் தாண்டிவிட்டது. ஒரு மழை இரவில் மதினியே 14416 என்ற எண்ணுக்கு போன் போட்டு, அவர் கையில் கொடுத்தார். அது மத்திய அரசின் ‘டெலி மனாஸ்’ மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

“அந்தப் புள்ள ஒண்ணுமே சொல்லல தம்பி. நான் சொல்லச் சொல்லக் கேட்டுச்சு. அந்த நம்பரப் பத்தி அன்னைக்குத்தேன் மொதத் தடவையா வாயத் தொறந்து சொன்னேன்.” அதன் பிறகு மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் சில மாதங்கள் போனார்.

நிறைவு எங்கிருந்து வருகிறது?

சுனாமி நேரத்தில் தஞ்சாவூர் கலெக்டராக இருந்து, பிறகு நாகப்பட்டினத்துக்கு மாற்றப்பட்டவர் ஜெ.ராதாகிருஷ்ணன் ஐ.ஏ.எஸ். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த மாவட்டம் அது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அங்கே அன்னை சத்யா காப்பகம் தொடங்கப்பட்டது. மாற்றலாகிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தார் அவர். அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் திருமணத்தை 2022-ல் குடும்பத்தில் ஒருவராக முன்னின்று நடத்திவைத்தார்.

பேரிடர் நேரத்தில் போய் நின்றவர்களின் கண்ணில் தங்குவது இழப்பு மட்டும்தான். அதன் பிறகு அந்த ஊர் எழுந்து நின்றதைப் பார்க்காமலே பலர் வந்துவிடுகிறார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தவர்களுக்கு, ‘நாம் செய்தது வீண்போகவில்லை’ என்று மனதைத் தேற்ற ஒரு காட்சியாவது கிடைக்கிறது.

அண்ணனுக்கும் ஒன்று கிடைத்தது. கஜா புயலில் தோப்புகள் சாய்ந்த பிறகு, வேதாரண்யம் பக்கம் ஒரு குடும்பத்துக்கு இருபது தென்னங்கன்றுகள் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். அவருக்கே அது மறந்துபோயிருந்தது. போன வருடம் அங்கிருந்து போன் வந்தது. “அண்ணே, காய்ப்புக்கு வந்துருச்சு. குடும்பத்தோட வாங்க.”

இந்த முறை லோடு ஏற்றாமல், மனைவி, பிள்ளைகளோடு போனார். இளநீர் குடித்துவிட்டு வந்தார்கள்.

இப்போதும் மழை இரவுகளில் அண்ணனுக்கு விழிப்பு வருகிறது. ஆனால், வாசலுக்குத் தனியாகப் போவதில்லை. மதினியையும் எழுப்பிவிடுகிறார். “ரெண்டு பேரும் டீ போட்டுக் குடிச்சிட்டுப் படுத்துருவோம்” என்கிறார் மதினி.

“அடுத்து எங்கயாச்சும் புயல்னா போவீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“போகாம? ஆனா ரெண்டு நாளு, அதுக்கு மேல வேற ஆளு வரட்டும். வந்ததும் மொத வேலையா இவ கிட்ட எல்லாத்தயும் சொல்லிருவேன்” என்றார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அடுத்த முறை அவர் ஊர் திரும்பும்போது மாலை போடுங்கள், தப்பில்லை. ஒரு மாதம் கழித்து மறக்காமல் போய், “நல்லாத் தூங்குறீங்களாண்ணே?” என்றும் கேளுங்கள்.