எஞ்சினின் மூச்சை அளக்கும் கருவி

நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்தே உடலின் நிலையைக் கூறிய வைத்தியர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மோட்டார் எஞ்சினைச் சீர் செய்வோருக்கும் அத்தகைய ஒரு நாடி உண்டு. எஞ்சின் வெளியே விடும் புகைதான் அது. அப்புகையில் மிஞ்சியிருக்கும் பிராணவாயுவை ஆராய்ந்து, உள்ளே காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலந்து எரிந்தன என்று உடனுக்குடன் எண்ணாகக் காட்டும் கருவி ஒன்று இன்று சிறு பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. 'வைட்பேண்டு மானி' என்று அதனை அழைக்கிறார்கள். அது காட்டும் எண்ணை எவ்வாறு படிப்பது, எவ்வளவு தூரம் நம்புவது என்பதே இன்று நான் கூற எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று இதனினும் மிகுந்தால் அதனை மெலிந்த கலவை என்றும், குறைந்தால் செறிந்த கலவை என்றும் கூறுவர். அப்படியானால் எப்பொழுதும் 14.7 என்ற அளவிலேயே எஞ்சினை ஓட்டலாமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். சமதரையில் நிதானமாகச் செல்லும்போது 15 அல்லது 16 என்ற மெலிந்த அளவு எரிபொருளைச் சிக்கனப்படுத்தும். பாரத்தோடு மேடேறும்போதோ, முழு வேகத்தில் விரையும்போதோ, 12.5 முதல் 13 வரையிலான செறிந்த கலவையே மிகுந்த ஆற்றலைத் தரும். அந்நிலையில் கலவை மெலிந்துபோனால் வெப்பம் மிகுந்து எஞ்சின் இடிக்கத் தொடங்கும். சில விநாடிகளில் பிஸ்டனின் தலையே உருகி ஓட்டை விழுவதும் உண்டு. மாறாக, அளவுக்கு மீறிச் செறிந்தால் பெட்ரோல் வீணாவதோடு, உருளைச் சுவரில் படிந்துள்ள எண்ணெயும் கழுவப்பட்டுத் தேய்மானம் மிகும். ஆகவே இந்த எண்ணை அறிவது வெறும் ஆவலைப் பொறுத்ததன்று. எஞ்சினின் ஆயுளைப் பொறுத்தது.

முன்னாளில் அனுபவம் மிக்க மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்துக் கலவையை மதிப்பிட்டார்கள். வெளுத்திருந்தால் மெலிவு, கரி படிந்திருந்தால் செறிவு, இளம்பழுப்பாயிருந்தால் நலம். இது நல்ல முறையே. எனினும், ஓட்டம் முடிந்த பின்னரே விடை கிடைக்கும் என்பது இதன் குறை. 1976-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் செய்த பிராணவாயு உணரி வால்வோ கார்களில் இடம்பெற்றது. சிர்கோனியா என்னும் பீங்கானின் ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் பட்டால், இரு பக்கத்துப் பிராணவாயுவின் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கும். செறிந்த புகையில் அது ஏறத்தாழ 0.9 வோல்ட், மெலிந்த புகையில் 0.1 வோல்ட். இடையிலோ செங்குத்தான வீழ்ச்சி. ஆதலால் அவ்வுணரி 'கூடுதல்', 'குறைவு' என்று சொல்லுமேயன்றி, எவ்வளவு என்று சொல்ல இயலாது.

வைட்பேண்டு உணரி இக்குறையை நீக்கியது. அதன் உள்ளே ஒரு நுண்ணிய அறை உண்டு. முற்கூறிய சிர்கோனியா மின்கலம் அவ்வறையைக் கண்காணிக்க, மற்றொன்று மின்சாரத்தின் துணையால் பிராணவாயுவை உள்ளே இறைக்கவோ வெளியேற்றவோ செய்து, மின்னழுத்தத்தை எப்போதும் 0.45 வோல்ட்டிலேயே நிறுத்துகிறது. இவ்வாறு இறைப்பதற்குத் தேவைப்படும் மின்னோட்டமே அளவு. கலவை சரியாயிருந்தால் மின்னோட்டம் பூஜ்யம். மெலிந்தால் ஒரு திசையிலும், செறிந்தால் எதிர்த்திசையிலும் படிப்படியாக வளரும்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். மானி உண்மையில் பெட்ரோலை எடை போடவில்லை. பிராணவாயுவின் மிகுதியையும் குறையையும் மட்டுமே அறிகிறது. முற்றும் எரியும் நிலையை ஒன்று என்று கொண்டு கணிக்கும் இம்மதிப்புக்கு 'லாம்டா' என்று பெயர். மானி அதனை 14.7 ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 13.5 பங்கு காற்றே போதும். அவ்வெரிபொருளை ஊற்றிய வண்டியிலும், சரியான கலவைக்கு மானி 14.7 என்றே காட்டும். எண்ணை நம்பி ஏமாறாதிருக்க, லாம்டாவைப் படிப்பதே அறிவுடைமை. முழு ஆற்றலுக்கு 0.85 முதல் 0.88 வரை என்று நினைவிற் கொண்டால் எந்த எரிபொருளுக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. பிளக் ஒருமுறை பற்றத் தவறினால், எரியாத காற்று முழுவதும் குழாயில் வந்து சேரும். மானியோ 'மெலிவு' என்று கூறும். கலவை மிகச் செறிந்து, அதனாலேயே பிளக் நனைந்து பற்றாமற்போயிருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து மேலும் பெட்ரோலைக் கூட்டுபவர் நோயை வளர்த்தவராவார். உணரிக்கு முன்னால் குழாயில் சிறு கசிவு இருந்தாலும், வெளிக்காற்று உட்புகுந்து இதே பொய்யை உரைக்கும்.

ஆகவே, முதலில் கசிவையும் பிளக்கையும் சோதிக்க வேண்டும். குளிர்ந்த குழாயில் தேங்கும் நீர்த்துளி பட்டால் சூடேறிய பீங்கான் வெடித்துவிடும்; அதனால் உணரியைக் குழாயின் மேற்பக்கத்தில் சாய்வாகப் பொருத்தி, எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்னரே அதன் சூடேற்றிக்கு மின்சாரம் தருவது நலம். முழு வேகச் சோதனையைச் செறிந்த பக்கத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மெலியச் செய்க. எதிர்த்திசையில் தொடங்குவது பிஸ்டனைப் பணயம் வைப்பதாகும். ஒரு சமயத்தில் ஒரே மாற்றம் போதும்; ஜெட்டையும் தீப்பொறியின் நேரத்தையும் சேர்த்து மாற்றினால், பலன் எதனால் விளைந்தது என்று அறிய முடியாது. இச்சோதனைகளைப் பொதுச் சாலையில் செய்யாமல், சக்கரங்கள் உருளையின் மேல் சுழலும் சோதனை மேடையில் செய்வதே பாதுகாப்பு.

நாடி பார்க்கத் தெரிந்த வைத்தியரும் நோயாளியின் முகத்தைப் பாராமல் மருந்து கொடுப்பதில்லை. மானி சாட்சி சொல்லும்; தீர்ப்பு எழுதாது. எஞ்சினின் ஓசையைக் கேட்டு, பிளக்கின் நிறத்தைக் கண்டு, அவற்றோடு மானியின் எண்ணையும் ஒப்பிட்டு முடிவு காண்பவரிடத்தில்தான் இக்கருவி தன் முழுப் பயனைத் தரும்.